மூத்தாள் அளவு

11

“இன்னொரு கரண்டி சோறு போடு.”

மாதம்மாளின் கை அப்படியே நின்றது. கரண்டி சட்டிக்குள் கிடந்தது. ஆவி மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.

அந்த எஸ்டேட் லைன் வீட்டில் ஆறு மாதமாக யாரும் அதைச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. தட்டில் வைத்ததைத் தின்ன வேண்டும். போதவில்லை என்றால் தண்ணீர் குடிக்க வேண்டும். ‘இன்னும்’ என்று மட்டும் கேட்கக் கூடாது. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரியம்மாள் மாதம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வைத்த ஒரே நிபந்தனை அது. “நகை வேண்டாம், பண்டம் பாத்திரம் வேண்டாம். கேட்டுத் திங்காத பொண்ணா இருக்கோணும். அவ்வளவுதானுங்க.”

“என்னடி சொன்னே?”

“காது கேக்கலையா? சோறு. இன்னொரு கரண்டி. பசிக்குது.”

“இன்னைக்கு ஜாக்கெட் போட்டுப் பாக்கோணும்.”

“அதுக்குத்தான் கேக்கறேன். போட்டுப் பாத்து முடியற வரைக்கும் மயங்கி விழாம நிக்கோணுமில்ல.”

மாதம்மாள் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தாள். சட்டியில் மிச்சமிருந்த சூடான சோற்றில் தண்ணீரை ஊற்றினாள். உச்சி வேளைக்கு முன்னாலேயே, ராத்திரி மிச்சத்துக்கு ஊற்றுவது போல. ஊற்றிவிட்டு மூடி போட்டாள்.

காவேரி வெறும் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து கை கழுவினாள்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குக் காவேரி பழகியவள். நடுவழியில் ஏறியவர்களுக்காக நாலு வார்த்தை.

வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி காளியண்ணன். அவருக்கும் மாதம்மாளுக்கும் மகள் இவள். பாட்டன் காலத்தில் சேலத்துச் சமவெளியிலிருந்து கூடையோடு மலையேறிய குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். படித்தது விலங்கியல். வாய் கொஞ்சம் நீளம். தை மாதத்தோடு காளியண்ணனுக்கு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒண்டிக்கடை பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அங்கப்பன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். அங்கப்பனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி பாவாயி இறந்து இரண்டு வருடமாகிறது. கடைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இரண்டு அறைகளைப் பெண்ணின் அப்பா அம்மாவுக்கே விடுகிறோம் என்றார்கள். அதைக் கேட்டபிறகு வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் நாக்கு எழவில்லை. காவேரிக்கும் எழவில்லை.

அங்கப்பன் வீட்டில் ஒரு முறை உண்டு. இரண்டாவதாக வருகிறவள் தாலி கட்டிக்கொள்ளும் முன்பு மூத்தாளுக்குச் சேலை வைத்துக் கும்பிட வேண்டும். கும்பிடும்போது மூத்தாளின் கல்யாண ஜாக்கெட்டைப் போட்டிருக்க வேண்டும். கொக்கி சேர்ந்தால் மூத்தாள் சம்மதம். சேராவிட்டால் சம்மதமில்லை.

பாவாயியின் ஜாக்கெட் காவேரிக்குச் சேரவில்லை. ஆகவே காவேரி இளைக்க வேண்டும் என்று ஆனது.

இதில் ஒரு ரகசியம் உண்டு. முதலில் இளைத்தது அவள் விருப்பப்பட்டுத்தான். போலீஸ் எஸ்.ஐ. வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று எழுதிப் போட்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த மாதம் சேலத்து மைதானத்தில் ஓட வேண்டும், இரும்புக் குண்டு எறிய வேண்டும். காலேஜ் விடுதியில் உட்கார்ந்தே படித்த உடம்பு அறுபத்தெட்டு கிலோ இருந்தது. ஓடினால் மூச்சு வாங்கியது. இளைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது என்று நினைத்தாள். அறுபத்தெட்டு அறுபதானபோது ஓட்டம் வந்தது. உடம்பு லேசானது. அவளுக்கே அவளைப் பிடித்தது.

அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஜாக்கெட்டின் கொக்கிகளுக்கு இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. எட்டு கிலோ குறைந்தபிறகும் இரண்டு விரல். இன்னும் எட்டு குறைந்தபிறகும் அதே இரண்டு விரல்.

மாதம்மாள் ஒரே முடிவுக்கு வந்திருந்தாள். இவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள்.

காவேரி அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பனி இறங்கியிருந்தது. கார்த்திகைப் பனி, பகலிலும் விலகாது. எதிர் லைன் தெரியவில்லை. பத்தடி தள்ளி சில்வர் ஓக் மரங்கள் காலில்லாமல் தொங்குவது போல் நின்றன.

இரும்புக் குண்டுக்குக் குழவிதான் மாற்று. தோளுக்கும் தாடைக்கும் நடுவில் வைத்து, உடம்பைத் திருப்பி, தள்ளினாள்.

கல் பனிக்குள் போனது. விழுந்த சத்தம் வரவில்லை. காத்திருந்தாள். போய்த் தேடலாம் என்று காலை எடுத்தபிறகுதான் ‘தொப்’ என்றது. யாரோ கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, கீழே போட்டது போல.

கிட்டே போய்ப் பார்த்தாள். மண்ணில் பழைய குழிகள் இருந்தன. ஆடி மாதத்தில் எறிந்த குழி மரத்தின் வேருக்குப் பக்கத்தில். புரட்டாசிக் குழி அதற்கு இந்தப் பக்கம். இன்று விழுந்தது இன்னும் இந்தப் பக்கம், ஏறக்குறைய அவள் காலடியில்.

“கொழவியப் பொளந்தீன்னா நாளைக்குச் சட்னிய எம் மண்டையிலதான் அரைக்கோணும்.” காளியண்ணன் காதுக்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். களத்தில் காப்பிப் பழம் நிறுக்கும் நேரம் அவருக்கு.

“அப்பா, ஆடியில அங்க போட்டேன். இப்ப இங்கதான் விழுது.”

“எளைச்சுட்டே கண்ணு. உங்கம்மா சந்தோசப்படட்டும்.”

“எளைச்சது சரி. எது எளைச்சதுன்னு பாக்க வேண்டாமா?” முழங்கையைச் சட்டென்று மடக்கிக் காட்டினாள். புஜம் எழவில்லை. “தோள்பட்டையில இருந்தது போயிருச்சு. தொடையில இருந்தது போயிருச்சு. வயித்துல இருக்கறது அப்படியே இருக்குது. நீங்க பழத்தை நிறுக்கறீங்க, கல்லு எவ்வளவு, கொட்டை எவ்வளவுன்னு தராசு சொல்லுதா? மொத்தத்தைத்தானே சொல்லுது. முதல்ல போனது கொழுப்பு. இப்பப் போறது சதை. சோத்தை நிறுத்திட்டா உடம்பு என்ன பண்ணும், வெறகு இல்லாதவன் கதவைப் பேத்து அடுப்புல வெக்கிற மாதிரி வெக்கும்.”

காளியண்ணன் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். மகளைத் தொடுவது அவர் வழக்கமில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

“இனிமே எளைச்சா குண்டு போட முடியாதுங்கறே.”

“இனிமே தின்னோணும். தின்னு, தூக்கோணும், ஓடோணும். எடை ஏறினாலும் பரவால்ல. ஏறுறது எதுங்கறதுதான் கணக்கு.”

“ஜாக்கெட்டு?”

காளியண்ணன் வீட்டின் கூரையைப் பார்த்தார். தகரம் மாற்றிய இடம், ஒழுகும் இடம், அவர் பிறந்ததிலிருந்து இருக்கும் இடம். “தை வரைக்குந்தான் சாமி இந்தக் கூரை” என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் நடந்தார். நாலு எட்டில் காணாமல் போனார்.

ஒண்டிக்கடைக்குப் போகும் பஸ்ஸில் மாதம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஜன்னலிடம் பேசிக்கொண்டு வந்தாள்.

“எதிர் லைன் கண்ணாயி சொல்றா, உம்மவ கொய்யா மரத்துகிட்ட நின்னாளேன்னு.”

“நின்னேன்.”

“நின்னீன்னா?”

“நின்னேன்னா நின்னேன். மரத்துல பிஞ்சுகூட இல்ல. நெழலத் திங்க முடியுமா?”

முன் சீட்டில் இருந்த ஒரு கிழவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மாதம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு மட்டும் ஆசையா, பெத்த பொண்ண வவுத்தக் கட்டச் சொல்லி? மூணு மாசத்துல நாங்க எங்க போய் நிப்போம்? உங்கப்பனுக்கு இடுப்பு போச்சு. கீழ எறங்குனா யாரு இருக்கறா நமக்கு? ரெண்டு விரக்கடை. அந்த ரெண்டு விரக்கடை மட்டும் சேந்துட்டா எங்க கடைசிக் காலம் கழிஞ்சிரும்.”

காவேரிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் அங்கப்பன் கடை சாத்தியிருக்கும். வரிசையாகச் செருகிய பலகைகளில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருட்டு.

“ஒத்தப் பலகதான் எடுத்திருக்குது. ஒருக்களிச்சு வாங்க.” ராஜேஸ்வரியம்மாளின் குரல் உள்ளிருந்து வந்தது. இதமான குரல். எப்போதும் தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போலப் பேசுவார்.

காவேரி சுலபமாக நுழைந்துவிட்டாள். மாதம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள்.

மிளகு, காப்பிக்கொட்டை, சாம்பிராணி. மூன்று வாசனையும் கலக்காமல் தனித்தனியாக நின்றன. நடுக்கடையில் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு. அதற்குப் பக்கத்தில் அங்கப்பன். முப்பத்து நாலு வயது, மரியாதை தெரிந்தவன், “வாங்க” என்பதைத் தராசைப் பார்த்துச் சொன்னான்.

“ஏறு கண்ணு.”

காவேரி ஏறினாள். வாராவாரம் நடப்பதுதான். தராசின் தண்டில் எடைக்குண்டு ஒரே இடத்தில் நிற்கும். அதை யாரும் நகர்த்துவதில்லை. ஏறினவர் அந்த அளவைவிடக் கனம் என்றால் தண்டு மேலே போய் இடிக்கும். இளைப்பு என்றால் கீழே கிடக்கும். குண்டு நிற்பது நாற்பது கிலோவில். அது பாவாயியின் அளவு.

தண்டு மேலே போய் இடித்தது. ணங்.

“கொறையும், கொறையும்” என்றார் ராஜேஸ்வரியம்மாள்.

காவேரி இறங்கினாள். இறங்கினால் தண்டு ‘டக்’கென்று கீழே விழ வேண்டும். விழவில்லை. பாதி இறங்கி, நட்டநடுவில் நேராக நின்றது. சரியாக நாற்பது கிலோ உள்ள ஒருவர் மேடையில் நிற்பது போல. மேடையில் யாருமில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெள்ள, யாரோ ஒவ்வொரு காலாக எடுத்து இறங்குவது போல, தண்டு கீழே வந்து படுத்தது.

“எலி கிலி ஏறியிருக்குமுங்க” என்றாள் மாதம்மாள்.

“எலி இல்லைங்க” என்றான் அங்கப்பன்.

ராஜேஸ்வரியம்மாள் உள்ளறைக்கு நடந்தார். அடுத்த வாரம் மூத்தாள் கும்பிடு என்பதால் அங்கே சுத்தம் செய்திருந்தார்கள். சுவரில் பாவாயியின் கல்யாணப் படம். இத்தனை நாள் ஒரு கனத்த சந்தன மாலை அதை மூடியிருக்கும். நெற்றியும் பொட்டும் மட்டும் தெரியும். இன்று தூசி தட்டுவதற்காக மாலையைக் கழற்றியிருந்தார்கள்.

காவேரி முதல்முறையாகப் பாவாயியை முழுசாகப் பார்த்தாள்.

உருண்ட முகம். உருண்ட கை. ஜாக்கெட்டின் கை ஓரத்தில் ஜரிகை சதையில் அழுந்திக் கோடு போட்டிருந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். மணப்பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொல்லியிருப்பார், கேட்டிருக்கமாட்டாள்.

அதே ஜரிகை. அதே ஜாக்கெட். ராஜேஸ்வரியம்மாள் சாம்பிராணிப் புகையில் வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார். துணி வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றியது போல.

கதவைச் சாத்திக்கொண்டு மாதம்மாள் மாட்டிவிட்டாள். கொக்கியைப் பிடித்து இழுத்தாள். நகம் காவேரியின் தோலில் கீறியது. இரண்டு விரல் இடைவெளி.

“தின்னிருக்கறே.” மாதம்மாள் அழுகிற நிலையில் இருந்தாள். “சத்தியமாச் சொல்லு, எங்க தின்னே?”

காவேரி காதில் வாங்கவில்லை. படத்திலிருந்த பெண் இந்த ஜாக்கெட்டுக்குள் நுழைந்திருக்கவே முடியாது. ஒரு கைகூட நுழைந்திருக்காது.

கழற்றினாள். உள்பக்கத்தை வெளியே திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

இரண்டு பக்கத் தையலும் விரல் மொத்தத்துக்குத் தடித்திருந்தது. உள்ளே மடித்த துணியின் மேல் ஊசித் துளைகள் வரிசை வரிசையாக ஓடின. ஒரு தையல் போட்டு, அதற்கு உள்ளே இன்னொன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகள் போல. வெளி வரிசைகளில் நூல் சாயம் போய் அற்றிருந்தது. உள்ளே போகப் போக நூல் புதுசு. கடைசி வரிசையில் நூல் பளபளத்தது. அதில் தூசிகூட ஒட்டியிருக்கவில்லை.

தன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அதைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். மாதம்மாள் பின்னாலேயே வந்தாள்.

“அத்தைங்க, இதை யாரு பிடிச்சுத் தெச்சது?”

“நாந்தான் சாமி.” மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. “தையக்காரன் கையில குடுக்கலாமா அத? எங்கையாலதான் பிடிக்கறேன்.”

“எப்ப?”

“வாரா வாரம். அவ வந்துட்டுப் போன மறுநாளு.”

கடைக்குள் பனி வந்திருந்தது. எடுத்து வைத்த ஒற்றைப் பலகையின் இடத்தில், ஒரு ஆள் உயரத்துக்கு, வெள்ளையாக நின்றது.

“நாலு வருசம் கொழந்த தங்கல” என்றார் ராஜேஸ்வரியம்மாள். “ஒடம்பு பெருத்திருந்தா தங்காதுன்னாங்க. கொறைச்சா. நொம்ப நல்லாக் கொறைச்சா. இது தொளதொளன்னு ஆச்சு, பிடிச்சுக் குடுத்தேன். மறுக்காவும் தொளதொளன்னு ஆச்சு, பிடிச்சேன். போட்டுட்டு வந்து நின்னாள்னா பாக்கற கண்ணு கூசும். செத்த அன்னைக்கும் தொளதொளன்னுதான் கெடந்துச்சு. காச்சலும் இல்ல, கடுப்பும் இல்ல. படி கழுவிட்டிருந்தா, உக்காந்தா, போயிட்டா.”

“அவங்க போய் ரெண்டு வருசம் ஆச்சுங்க.”

“இன்னும் எளைச்சுட்டேதான் இருக்கறா சாமி. நிக்க மாட்டேங்கறா. போன வாரம் வந்தா. கதவு தொறக்கல. பலகைச் சந்துல வந்தா. அந்த அளவுக்கு எளைச்சுட்டா. வந்து இந்த ஜாக்கெட்டப் பாத்துட்டே நின்னா. எடுத்துப் போட்டா, தோள்ல நிக்கல, வழிஞ்சு விழுந்துச்சு. நான் என்ன பண்றது? பிடிச்சு வெச்சேன்.” காவேரியின் கன்னத்தைத் தொட்டார். விரல் ஜில்லென்று இருந்தது. “நீ அந்த அளவுக்கு வந்துட்டீன்னா அவ நின்னுக்குவா கண்ணு. அப்புறம் வரமாட்டா. நீயே அவளா இருந்துக்கலாம்.”

வெளியே ஒரு பஸ் பின்னால் நகரும் விசில் கேட்டு நின்றது.

மாதம்மாள் ஒரு பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்தாள். எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்: “ஏனுங்க சம்பந்தி. அந்தப் புள்ள சோறு கேட்டுச்சுங்களா?”

“கேட்டதே இல்லைங்க. அப்பேர்ப்பட்ட கொணம். ஒரு நாளும் வாயத் தொறந்து இன்னும் வேணும்னு…”

“ஒருக்காக் கேட்டா” என்றான் அங்கப்பன்.

அவன் முதல்முறையாகத் தராசிலிருந்து கண்ணை எடுத்திருந்தான்.

“ஒருக்காக் கேட்டாம்மா. நீங்க சட்டியில தண்ணிய ஊத்தினீங்க. நாம் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

மாதம்மாளின் வலது கை மடியில் கிடந்தது. காலையில் சொம்பு பிடித்த கை. அதை அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

காவேரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

சாக்குக் கட்டுப் பிரிக்கும் சின்னக் கத்தி எடைமேசையில் கிடந்தது. காவேரி அதை எடுத்தாள். ஜாக்கெட்டை மேசையில் விரித்து, உள் வரிசையில் முனையைக் கொடுத்து இழுத்தாள். நூல் சின்னதாக ஒரு சத்தத்தோடு அற்றது. அடுத்த வரிசை. அதற்கு அடுத்தது.

“வேண்டாம் சாமி.” ராஜேஸ்வரியம்மாளின் குரல் இன்னும் இதமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஓரடி பின்னால் போயிருந்தார். “அவ பாத்துட்டிருக்கறா.”

“பாக்கட்டும்.”

கடைசி நூலும் போனது. மடிப்புகள் விரிந்தன. வெளியே தெரிந்த துணி சாயம் போய்ப் பழுப்பாகியிருக்க, மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணி கல்யாணத்தன்று இருந்த அரக்குச் சிவப்பிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் பட்டை பட்டையாக. ஒரு முழு மனுசியின் அகலத்துக்கு ஜாக்கெட் விரிந்து கிடந்தது.

அதை எடுத்துத் தராசு மேடையின் நடுவில் வைத்தாள். கைகளை நீவிவிட்டாள்.

“இதுதான் அவங்க அளவு. இதுக்கு மேல அவங்க எளைக்க வேண்டாம்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. நானும் எளைக்கறதா இல்லை.”

ராஜேஸ்வரியம்மாள் மூட்டை மேலிருந்த மாதம்மாளிடம் திரும்பினார். “பின்னால ரெண்டு ரூமும் வெள்ளையடிச்சாச்சுங்க. நேத்துத்தான் முடிச்சாங்க. தண்ணிக் கொழாயும் வெச்சாச்சு.”

மாதம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

“அம்மா” என்றாள் காவேரி. “பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல சோறும் ரெண்டு முட்டையும் சொல்லப் போறேன். அடுத்த மாசம் குண்டு போடறதுக்கு. நாளைக்கும் கேப்பேன். நாளன்னைக்கும் கேப்பேன். எடை ஏறும், நீ பயப்படாதே. கூரைக்கு வேற வழி பாக்கறது எம் பொறுப்பு. வர்றதுன்னா வா.”

வாசலுக்கு வந்தாள். ஒற்றைப் பலகைச் சந்தில் பனி இன்னும் ஆள் உயரத்துக்கு நின்றது. ஒருக்களித்தால் போய்விடலாம். அவள் ஒருக்களிக்கவில்லை. அடுத்த பலகையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். பலாப்பலகை, நனைந்து கனத்திருந்தது. ஆடி மாதத்தில் என்றால் ஒரே தூக்கில் வந்திருக்கும். இப்போது தோள் எரிந்தது, கண்ணில் பூச்சி பறந்தது. விடவில்லை. முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து, தூக்கினாள். பலகை செருகியிருந்த காடிப் பள்ளத்திலிருந்து கழன்றது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக, இரண்டு தோளும் அகல, வெளியே நடந்தாள்.

நாலு எட்டு வைத்திருப்பாள்.

பின்னால் தராசுத் தண்டு மேலே போய் இடித்தது. ணங். நாற்பது கிலோவைவிட மிகவும் கனமான யாரோ, இரண்டு காலையும் நன்றாக ஊன்றி, மேடையில் ஏறி நின்ற சத்தம்.

அம்மாவாக இருக்கலாம். அம்மா மூட்டையை விட்டு எழுந்து மேடையில் ஏற என்ன காரணம் இருக்கிறது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. வெளியே வரும்போது அம்மாவின் செருப்பு கடைப் படியிலேயே கிடந்ததைப் பார்த்திருந்தாள்.

காவேரி திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு ஓட்டலில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.